பழைய பேட்டரியில் ஓர் ஒப்பாரி

என் குரலை நானே முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ சளி பிடித்த பையன் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். அது நான்தான் என்று நம்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதுவரைக்கும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மாளுக்கு அடுத்தபடி நல்ல குரல் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் இப்படி ஓர் அடி வாங்கியவள் சும்மா இருப்பாளா? அந்தக் குரலைச் சரிசெய்தே தீருவது என்று இறங்கினேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

அந்த டேப் ரெக்கார்டர் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே இருந்த பெரியப்பா, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். முன்னால் வரிசையாக ஐந்து பட்டன், மேலே கண்ணாடி மூடி, அதற்குள் கேசட்டின் சக்கரங்கள் சுற்றுவது தெரியும். வயரோடு ஒரு மைக். கேசட் இரண்டு. உள்ளே நான்கு பேட்டரிக் கட்டை, அது போக உறை பிரிக்காத காகிதக் கட்டில் இன்னும் நான்கு. கரண்டில் போடவும் ஒரு வயர் வந்திருந்தது. ஆனால் அதன் பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததோ வட்ட ஓட்டை. அப்பா ஒரு முறை பொருத்திப் பார்த்துவிட்டு அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

பட்டன்களுக்கு மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள், ஆறாம் வகுப்பு படித்த நான் ஒருத்திதான். அதனால் மிஷின் என் பொறுப்புக்கு வந்தது. "பாப்பா பாத்துக்கும்பா, அதுக்கு எல்லாம் தெரியும்" என்று அப்பா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் இருந்தது.

மிஷினோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. அந்த வருஷம் தை மாதம் தாத்தா இறந்துபோயிருந்தார். தந்தி அன்றைக்கே பினாங்குக்குப் போய்விட்டது. ஆனால் கப்பலேறி வந்து சேர ஒரு வாரம் ஆகும், பிணம் ஒரு வாரம் காத்திருக்காது. மூத்த மகனான பெரியப்பா வைக்க வேண்டிய கொள்ளியை இளையவரான என் அப்பா வைத்தார். பெரியப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்: அப்பாவுக்கு என்னால் அழ முடியவில்லை. தங்கச்சியின் ஒப்பாரியை டேப்பில் பிடித்து அனுப்புங்கள், அதைக் கேட்டாவது அழுகிறேன். கடைசி நேரத்தில் அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று தங்கச்சியைக் கேளுங்கள். பதிவு செய்யும்போது மறக்காமல் புது பேட்டரி போடவும்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு, தறியில் பாதிச் சேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனவர் அவர். போனவர் போனவர்தான். அந்தப் பாதிச் சேலையை வேறு யாரும் நெய்து முடிக்கக் கூடாது என்று தாத்தா அதைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து, தன் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. "அவன் என்னைக்காவது வாசப்படி ஏறுவான் இல்ல, அன்னிக்கு அவன் மூஞ்சில வீசி எறியறேன்" என்று வருஷத்துக்கு நாலு முறையாவது சொல்வார். இந்தச் சேதி ஊர்க்காரர்கள் வாய்வழியாகப் பினாங்கு வரைக்கும் போயிருந்தது. பெரியப்பா வராமல் இருந்ததற்கு அந்தச் சேலைதான் காரணம் என்று அம்மா சொல்வாள்.

தாத்தாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவள் அத்தை. பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பகலெல்லாம் ராட்டையில் நூல் சுற்றுவாள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அத்தைக்குத்தான் ஆள் வரும். அவள் ஒப்பாரி வைத்தால், செத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்கூட முகத்தை மூடிக்கொண்டு அழுவார்கள். சாதாரணமாகப் பேசும்போது அவளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. சொல்ல வேண்டியதையெல்லாம் சாவு வீட்டில்தான் சொல்வாள்.

அப்பா கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தை ராட்டையை நிறுத்தினாள்.

"அப்பா இன்னா சொன்னாருன்னு எழுதச் சொல்லி கேக்குதுக்கா அண்ணன்" என்றார் அப்பா.

"அது கடுதாசில எழுதுற விசயம் இல்லடா."

"அப்ப டேப்புல சொல்றியா?"

"அழுவும்போது வந்தா வரும். மிசினப் பாத்து அழுன்னா வருமா?"

அம்மாவுக்கு வேறு கவலை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் வீட்டுக்கு ஆகாது, அடுத்த பிணத்தைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். போதாததற்குத் தறிச் சத்தம் வேறு. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தறி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தறி ஓடும். ஒரு நாள் நான் அம்மாவைப் பேசவைத்துப் பதிவு பண்ணிப் பார்த்தேன். அம்மா பேசும்போது அம்மாவின் குரல் கேட்டது. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் மிஷின் தானாகத் தேடிப் போய்ப் பக்கத்து வீட்டுத் தறியைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அப்பாதான் நாள் கண்டுபிடித்தார். அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆடி அமாவாசையோ போனவர்கள் வீடு தேடி வந்து படையல் சாப்பிட்டுப் போகிற நாள். அன்று அவர்களை நினைத்து அழுவதில் தப்பில்லை என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் மிஷின் என் கையில் இருந்தது.

நான் விஞ்ஞானி ஆனேன். பதிவுக்கென்று வைத்த கேசட்டை அப்பா அலமாரியில் வைத்துவிட்டார், இன்னொன்று என் விளையாட்டுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் எதிர்வீட்டுச் சிநேகிதியும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தோம். தறிக்குழிக்குள் உட்கார்ந்து பேசினால் குரல் கிணற்றிலிருந்து வந்தது. சுவரோரம் பேசினால் இரண்டு பேர் பேசினார்கள். மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் பட்டாசு வெடித்தது. தரையில் வைத்தால் மிஷின் ஓடுகிற உறுமல் சேர்ந்துகொண்டது. நூல் கட்டுகள் தொங்குகிற அறையில், மடித்த போர்வைமேல் மைக்கை வைத்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசினால்தான் குரல் சுத்தமாகக் கேட்டது. இதைக் கண்டுபிடித்ததற்கு அப்பா என்னைத் தட்டிக்கொடுத்தார். சுத்தமாகக் கேட்டபோதும் அது சளி பிடித்த பையன் குரலாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

இதற்குள் உள்ளே இருந்த பேட்டரிகள் தளர்ந்துவிட்டன. சக்கரம் சோம்பலாகச் சுற்றியது. முதல் நாள் பதிந்த என் குரல் இப்போது குடித்துவிட்டு வந்த ஆள் பேசுவதுபோல இழுத்தது. புதுப் பேட்டரியில் என் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. காகிதக் கட்டைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவைதான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சிநேகிதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, நுனியில் மெல்லப் பிரித்து நான்கையும் எடுத்துப் போட்டேன்.

அப்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. சற்றுமுன் பழைய பேட்டரியில் நாங்கள் பேசிப் பதிந்திருந்ததை, புதுப் பேட்டரி கீச்சுக் கீச்சென்று எலி பேசுவதுபோலத் திருப்பிச் சொன்னது. மெதுவாகச் சுற்றும்போது பிடித்த பேச்சை வேகமாகச் சுற்றிக் காட்டினால் இப்படி ஆகும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதே டேப்பைத் திரும்பப் பழைய பேட்டரி போட்டுக் கேட்டேன். எங்கள் குரல் எங்களுக்கே சரியாக வந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். அதன் பிறகு தினமும் அதுதான் விளையாட்டு. பழையதில் பேசுவது, புதியதில் கேட்பது. பள்ளிக்கூட டீச்சரை எலியாக்கினோம், கோயில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவரை எலியாக்கினோம். அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது புதுப் பேட்டரிகளும் முனக ஆரம்பித்தன.

நான்கையும் துடைத்துக் காகிதக் கட்டுக்குள் வைத்தேன். தறியில் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியைத் தொட்டு நுனியை ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியவே இல்லை. என் கைவேலையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அமாவாசையன்று படையல் முடிந்தது. ஒப்பாரிச் சத்தம் கேட்டு யாரும் ஓடி வந்துவிடாதீர்கள் என்று அப்பா வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. நூல் அறையில் போர்வைமேல் மைக்கை வைத்தேன். அப்பா சாமி காரியம்போலக் கை கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு பேட்டரியாக என் கையில் கொடுத்தார். நான் வாங்கி வாங்கிப் போட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வீடு தள்ளிக் கடையில் பேட்டரி கிடைக்கும். அப்பா இரண்டு அடி அடித்துவிட்டுப் போய் வாங்கி வந்திருப்பார். அந்த இரண்டு அடிக்குத்தான் பயந்தேன்.

அத்தை தாத்தாவின் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கலாமா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அமுக்கு என்று கண் காட்டினார். அமுக்கினேன். அந்த 'டக்' சத்தத்துக்காகவே காத்திருந்ததுபோல அத்தை ஆரம்பித்தாள்.

முதலில் தாத்தாவின் நடை, தாத்தாவின் கோபம், தாத்தா சாப்பிடுகிற விதம். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிஷம் சக்கரம் பரவாயில்லாமல் சுற்றியது. பிறகு தளர்ந்தது. அத்தையின் குரல் ஏற ஏறச் சக்கரம் மெதுவாகிக்கொண்டே போனது. பினாங்கில் இது எப்படிக் கேட்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் அத்தை அதைச் சொன்னாள்.

"பாதியில விட்ட சேல பத்தரமா வெச்சீங்களே, என்னப் பெத்த அப்பா... மூத்த மவன் நெய்ஞ்ச சேல முழுசா உங்கள மூடுச்சே, என்னப் பெத்த அப்பா..."

அப்பா திரும்பினார். அத்தை அழுதுகொண்டே முழுவதையும் சொல்லிக்கொண்டு போனாள். கடைசி நாள் விடியற்காலையில் தாத்தா டிரங்குப் பெட்டியின் சாவியை அவள் கையில் கொடுத்திருக்கிறார். பெரியவனால் வர முடியாது, அவன் நெய்த துணியாவது என்மேல் வரட்டும், அதுதான் அவன் எனக்குப் போடுகிற கோடி என்று சொல்லியிருக்கிறார். இறந்தவர்மேல் பிள்ளைகள் போர்த்துகிற புதுத் துணிதான் கோடி. மகன் போடுகிற கோடி இல்லாமல் போகிறவரைப் பாவம் என்பார்கள். அத்தை அந்தப் பாதிச் சேலையைத் தான் போட்ட கோடிக்குள் மடித்து, யாருக்கும் தெரியாமல் தாத்தாவின் உடம்போடு ஒட்டினாற்போலப் போர்த்திவிட்டாள். அது தாத்தாவோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது. கூடவே இருந்து, உழைத்து, கொள்ளியும் வைத்த தம்பி மனசு நோகுமே என்று ஆறு மாதமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர் தலையில் துண்டோடு மூச்சு வாங்க வந்து நின்றார். அடுத்த தெருக்காரர், அவருக்கு அப்பா சொல்லவில்லை. "யாருபா போயிட்டது?" என்று கேட்டார். "யாரும் இல்லபா, டேப்பு எடுத்துக்கினு இருக்கோம்" என்று அப்பா சொல்ல, அவர் எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். அத்தை நிறுத்திவிட்டாள். நான் பட்டனைத் தூக்கினேன்.

"சரியா விழுந்துதா பாப்பா? கொஞ்சம் போட்டுக் காட்டு" என்றார் அப்பா.

கடைசிக் கொஞ்சத்தைச் சுற்றிப் போட்டுக் காட்டினேன். பதிந்ததும் கேட்பதும் அதே தளர்ந்த பேட்டரியில்தானே. அச்சு அசல் அத்தையின் குரல் வந்தது, ஒரு வார்த்தை குறையாமல், மூக்கை உறிஞ்சுவது வரைக்கும். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். "போதும், நிறுத்தச் சொல்லு. இன்னொரு வாட்டி என்னால ஆவாதுடா" என்றாள். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

கேசட் கிளம்ப மூன்று நாள் இருந்தது. இன்னொரு வாட்டி என்னால் ஆகாது என்று அத்தை சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொல்லி என்ன பிரயோஜனம், அத்தைக்குத்தான் கஷ்டம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அத்தை மறுபடி அழ வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'பழைய பேட்டரி போட்டுக் கேட்கவும்' என்று எழுதினேன். கேசட்டோடு வைத்துவிட்டால் முடிந்தது வேலை. ஏன் என்று கேட்டு பெரியப்பா அப்பாவுக்கு எழுதினால் என்ன செய்வது என்று அப்புறம் தோன்றியது. தாளை எட்டாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா கேசட்டை விபூதிப் பொட்டலத்தோடு மஞ்சள் துணியில் சுற்றி, பினாங்குக்குத் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்பினாள்.

அப்பா எழுதிய கடிதத்தில் அத்தை சொன்ன விஷயம் இல்லை. 'நீங்கள் கேட்டதெல்லாம் டேப்பில் இருக்கிறது' என்று மட்டும் எழுதினார். இருபது வருஷம் தாத்தாவுக்கு எதிர்த் தறியில் உட்கார்ந்து நெய்தவர் அவர். தன் கையால் அந்தச் செய்தியை எழுத அவருக்கு மனம் வரவில்லைபோலும். அதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுதான் டேப்பில் இருக்கிறதே.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'டேப் கிடைத்தது. எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். தங்கச்சியின் குரல் அப்படியே இருக்கிறது. மனம் நிறைந்தது.' அத்தை அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கு ஒரே ஆச்சரியம். வெளிநாட்டில் இருக்கிற பெரிய மிஷின்கள் இந்த மாதிரிக் குறையையெல்லாம் தாமாகவே சரிபண்ணிக்கொள்ளும்போல என்று முடிவு செய்தேன். அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பங்குனித் திருவிழாச் சமயத்தில் பெரியப்பா வந்தார். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு. கூட ஒன்பது வயது மகள். வாசற்படியில் கால் வைக்கும் முன் ஒரு கணம் நின்று உள்ளே பார்த்தார். அவருடைய பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலமாரியில் இருந்த மிஷினைக் கண்டுபிடித்து என்னிடம் ஓடி வந்தாள்.

"இதுலதான் எலி டேப்பு எடுத்தீங்களா அக்கா?"

அவள் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். முதலில் அத்தை அழுதார்களாம், போகப் போக வேகமாகி எலி ஆகிவிட்டார்களாம், கடைசியில் ஒரே கீச்சு கீச்சாம். அவளும் அவள் அண்ணனும் சிரித்து உருண்டார்களாம்.

"பெரியப்பா திட்டலையா?"

"இல்லக்கா. அப்பாவும் சிரிச்சாங்க. சிரிச்சுச் சிரிச்சு அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அப்புறம் எங்கள வெளிய போகச் சொல்லிட்டு, மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாங்க."

அப்பாடா, அவரும் சிரித்திருக்கிறார் என்று நினைத்தேன். பதிமூன்று வயதில் ஒருத்திக்கு அவ்வளவுதான் தோன்றியது என்று நினைக்க இப்போது கூசுகிறது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைக் காட்டி, "இதுதான் அண்ணா டேப்பு எடுத்துது. எங்க வெச்சா நல்லா கேக்கும்னு மூணு வாரம் பாத்துக்கினு இருந்துது" என்றார். பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, அதில் ஒரு குறையும் இல்லை.

அத்தை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "எல்லாம் கேட்டே இல்லண்ணா?"

"கேட்டேம்மா."

"மனசு ஆறுச்சா?"

"ஆறுச்சு."

அத்தை ராட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு முறை அழுது சொன்னதைப் பேச்சில் திருப்பிச் சொல்கிறவள் இல்லை அவள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன் என்று எழுதிவிட்ட பிறகு, கேட்கவில்லை என்று பெரியப்பாவும் எப்படிச் சொல்வார்? மிஷினும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், அத்தை அழுது சொன்னது எனக்கே தெரியும். ஒரு வார்த்தை வாய் திறந்திருந்தால் போதும். நான் எழுந்து காபி போடப் போனேன்.

காபியை எடுத்துக்கொண்டு வந்தபோது பெரியப்பா கூடத்தில் இல்லை. தாத்தாவின் அறையில் இருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் வேட்டி இரண்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு பஞ்சாங்கம், எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். வெறும் பெட்டியின் அடியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி மூடினார்.

"இன்னா பெரியப்பா தேடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா."

காபியை வாங்கிக் குடித்தார். டேப்பைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. பத்து நாளில் கிளம்பினார், அதன் பிறகு வரவில்லை. கடிதம் மட்டும் வரும். சில வருஷத்தில் அங்கேயே இறந்துபோனார். தந்தி வந்த அன்று அத்தை ஒப்பாரி வைத்தாள். அதை யாரும் பதிவு செய்யவில்லை.

என் அப்பா போனபோது எனக்கு நாற்பது வயது. அந்த நாளில் சின்னப் பையனாக இருந்த என் தம்பி கோடித் துணியை எடுத்து வந்து அப்பாவின்மேல் விரித்தான். ஓரம் மடிந்திருந்தது. கையால் நீவிவிட்டான், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை. அப்போதுதான் பெட்டியின் அடியில் போன பெரியப்பாவின் கை என் கண்முன் வந்தது. அத்தை சொன்னது, பெட்டி, சேலை, எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இத்தனை வருஷமாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தன. என் பயம் எனக்குப் பெரிதாக இருந்ததில், அவர் என்ன தேடுகிறார் என்று நான் பார்க்கவே இல்லை. மூஞ்சியில் வீசவாவது தாத்தா அந்தச் சேலையை வைத்திருப்பார் என்று பெரியப்பா நம்பி வந்திருக்கிறார். அதுகூட வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

தாத்தாவைக் கடைசியில் மூடியது அவர் நெய்த துணிதான் என்று அவருக்குச் சொல்ல அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் அத்தையும் அதைச் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் அது போய்ச் சேரவில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் காபி குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.